வில்லுக்கு மரம் வளர்த்த அறிவு: இஷியின் கதை

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகமும், அதன் பெரிய தொலைநோக்கியும் உங்களுக்கு நினைவு வரும். ஆனால் அந்த வானாய்வகத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் மலையும் காடும்தான். ஜவ்வாது மலை என்றாலே சந்தன மரத்துக்குப் பெயர் போனது அல்லவா!

காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு மரம் என்றால் வெறும் விறகு இல்லை. எந்த மரம் எந்த வேலைக்கு ஆகும், எவ்வளவு முற்றிய பிறகு வெட்ட வேண்டும், வெட்டியதை எப்படிக் காய வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். மூங்கிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இளம் மூங்கிலை வெட்டிப் பந்தல் போட்டால் சீக்கிரமே உளுத்துக் கொட்டிவிடும். அதனால் மூன்று ஆண்டுகளாவது முற்றிய மூங்கிலைத்தான் தேடி வெட்டுவார்கள். வெட்டியதைக் குளத்திலோ ஓடையிலோ சில வாரங்கள் ஊறப்போடும் வழக்கமும் நம் நாட்டில் பல இடங்களில் உண்டு. ஏன் தெரியுமா? மூங்கிலுக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அதைத் தின்னத்தான் வண்டுகள் துளை போடுகின்றன. தண்ணீரில் ஊறினால் மாவுச்சத்து கரைந்து போய்விடும். பிறகு வண்டுக்கு அங்கே என்ன வேலை?

பந்தல் காலுக்கே இத்தனை பக்குவம் வேண்டும் என்றால், வளைத்து வளைத்து விடும் வில்லுக்கு எவ்வளவு வேண்டும்! நமக்கு வில் புதிதல்ல. சேர மன்னர்களின் சின்னமே வில்தான். கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு வல்வில் ஓரி என்றே பெயர். வயநாட்டுக் குறிச்சியர்கள் பழசி ராஜாவின் பக்கம் நின்று, 1802ஆம் ஆண்டு வில்லும் அம்பும் ஏந்தி பனமரத்தில் இருந்த ஆங்கிலேயப் படையைத் தாக்கினார்கள்.

ஆனால் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி நாண் ஏற்றுவது வரைக்கும், ஒரு வில்லாளி செய்த ஒவ்வொரு வேலையையும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதி வைத்த கதை ஒன்று உண்டு. அது நடந்தது உலகத்தின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். அந்த வில்லாளியின் பெயர் இஷி. அவரது வாழ்க்கையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒளிந்து வாழ்ந்த மக்கள்

கலிபோர்னியாவின் வடபகுதியில் லாசன் என்ற எரிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் மில் கிரீக், டீர் கிரீக் என்று இரண்டு ஓடைகள். டீர் கிரீக் என்றால் மான் ஓடை என்று பொருள். இந்த ஓடைகளின் கரையில் யாஹி என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். மான் வேட்டையாடி, சால்மன் மீன் பிடித்து, ஓக் மரத்தின் கொட்டைகளை இடித்து மாவாக்கி உண்டார்கள். மொத்தமே சில நூறு பேர்தான்.

1848ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அவ்வளவுதான்! தங்கம் தேடிப் பல்லாயிரக்கணக்கானோர் அங்கே குவிந்தார்கள். காடு அழிந்தது. ஓடைகள் கலங்கின. மீனும் மானும் குறைந்தன. பசியால் வாடிய பழங்குடியினருக்கும் குடியேறியவர்களுக்கும் மோதல் மூண்டது. துப்பாக்கி ஏந்தியவர்கள் யாஹி மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். குழந்தைகளையும் விடவில்லை.

அந்தக் கொடுமையான நாட்களில்தான் இஷி பிறந்தார். அவர் பிறந்தது ஏறக்குறைய 1860ஆம் ஆண்டு வாக்கில். உயிர் தப்பிய ஒரு சிறு கூட்டத்தோடு அவரும் மலை இடுக்குகளில் ஒளிந்து வளர்ந்தார். புகை தெரியாமல் அடுப்பு மூட்டினார்கள். கால் தடம் பதியாமல் பாறை மேலேயே நடந்தார்கள். இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் நாற்பது ஆண்டுகள்!

துப்பாக்கி வெடித்தால் சத்தம் மலை முழுக்கக் கேட்கும். வில்லுக்குச் சத்தம் கிடையாது. அதனால் அந்தச் சிறு கூட்டத்தின் வயிற்றை நிரப்பியதும் வில். அவர்களைக் காட்டிக்கொடுக்காமல் காத்ததும் வில்.

1908ஆம் ஆண்டு நில அளவை செய்ய வந்த சிலர் அவர்களின் குடிசைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்போது மீதி இருந்தது நான்கே பேர்தான். மற்றவர்கள் ஓடி ஒளிய, நடக்க முடியாத ஒரு மூதாட்டி மட்டும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். அவர் இஷியின் தாய். வந்தவர்கள் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் குடிசையில் இருந்த வில், அம்பு, தோல் போர்வை, கூடை எல்லாவற்றையும் ஞாபகப் பொருளாக அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. இஷிக்கோ அதுதான் வாழ்க்கை! தாய் சில நாட்களில் இறந்து போனார். மற்ற இருவரும் திரும்பி வரவே இல்லை. இஷி தனியானார்.

கட்டில் சட்டம் கொடுத்த சொல்

1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி. ஓரோவில் என்ற ஊரில், இறைச்சிக்கூடத்தின் தொழுவத்தில் ஒரு மனிதர் களைத்துச் சுருண்டு கிடந்தார். வயது ஐம்பது இருக்கும். உடல் எலும்பும் தோலுமாக இருந்தது. இறந்துபோன உறவினர்களுக்குத் துக்கம் காட்டத் தலைமுடியை நெருப்பால் பொசுக்கிக் கொண்டிருந்தார். அவர் பேசிய மொழி அந்த ஊரில் யாருக்கும் புரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திடமிருந்து காப்பாற்ற, அதிகாரி அவரைச் சிறையில் ஓர் அறையில் தங்க வைத்தார்.

செய்தித்தாளில் இதைப் படித்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாட்டர்மன் என்ற அறிஞர் ரயிலேறி வந்தார். யாஹி மக்களின் உறவு மொழியில் இருந்த சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார். இஷியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இஷியின் முகத்தில் அசைவே இல்லை. வாட்டர்மனுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

அப்போது சிவினி என்ற சொல்லைப் படித்தபடியே, தாம் உட்கார்ந்திருந்த கட்டிலின் மரச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். சிவினி என்றால் அவர்கள் மொழியில் மஞ்சள் பைன் மரம். அந்தச் சட்டமும் பைன் மரம்தான். இஷியின் முகம் மலர்ந்தது! அவரும் சட்டத்தைத் தட்டி, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று ஆண்டுகளாகத் தன் மொழியில் ஒரு சொல்கூடக் கேட்காத மனிதர் அவர். அந்த இருவரையும் சேர்த்து வைத்தது ஒரு மரத்தின் பெயர்!

அவரை சான்பிரான்சிஸ்கோ நகரில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே குரோபர் என்ற பேராசிரியர் அவரைக் கவனித்துக்கொண்டார். யாஹி மக்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லக்கூடாது. தன் இனத்தார் ஒருவர்தான் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அறிமுகம் செய்ய இனத்தில் யாருமே மிஞ்சவில்லையே! அதனால் குரோபர் அவருக்கு இஷி என்று பெயர் வைத்தார். யாஹி மொழியில் மனிதன் என்பது அதன் பொருள். அவருடைய உண்மைப் பெயர் கடைசி வரை யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

அருங்காட்சியகத்தில் இஷிக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. மாதம் 25 டாலர் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் வரும்போது கட்டையைக் கடைந்து தீ மூட்டியும், அம்பு முனை செதுக்கியும் காட்டுவார். உடைந்த கண்ணாடி பாட்டில் கிடைத்தால் போதும். மான் கொம்பின் நுனியால் அழுத்தி அழுத்திச் சில்லு எடுத்து, இலை போன்ற அழகான அம்பு முனையாக்கி விடுவார்.

வில்லுக்கு ஏற்ற மரம்

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே சாக்ஸ்டன் போப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இருந்தார். இஷிக்கு உடல்நலம் பார்க்க வந்த அவர், இஷியின் வில்லைப் பார்த்து மயங்கி அவருக்கே மாணவராகிவிட்டார். இஷி அவரைக் குவி என்று அழைத்தார். வைத்தியர் என்று பொருள். வைத்தியர் கையில் நோட்டுப் புத்தகம். இஷியின் கையில் மரம். பாடம் தொடங்கியது.

இஷி விரும்பிய மரம் மலையில் வளரும் ஜூனிப்பர். முதலில் நேரான, கணு இல்லாத கிளையாகப் பார்ப்பார். அதை ரம்பத்தால் அறுப்பதில்லை, பிளந்து எடுப்பார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மரத்துக்குள் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அறுத்தால் ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட இடத்தில்தான் பின்னால் வில் முறியும். பிளந்தால் மரம் நாரின் வழியே பிரியும். விறகு பிளக்கும்போது நீங்களே இதைப் பார்த்திருக்கலாம்.

மரத்தின் நடுப்பகுதியை நாம் வைரம் என்கிறோம். வைரம் பாய்ந்த கட்டை என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். அதைச் சுற்றி வெளிப்புறத்தில் இருக்கும் வெளிர்நிறப் பகுதி வெளிறு. தூணும் கதவும் செய்பவர்கள் வெளிறைத் தள்ளிவிடுவார்கள். இஷியோ அந்த வெளிறும் சேர்ந்த வெளிப்பகுதியைத்தான் வில்லுக்கு எடுத்தார்!

காரணம் என்ன? உங்கள் அழிரப்பரை எடுத்து வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் சுருங்கி நெருக்கப்படும். வில்லிலும் இதேதான். வெளிப்பக்கம் இழுவையைத் தாங்க வேண்டும். உள்பக்கம் நெருக்கத்தைத் தாங்க வேண்டும். வெளிறு நன்றாக இழுத்துக் கொடுக்கும். இங்கிலாந்தில் யூ என்ற மரத்தில் நெடுவில் செய்தவர்களும் வெளிறை வெளிப்பக்கமும் வைரத்தை உள்பக்கமும் வைத்தே செய்தார்கள். 1545இல் கடலில் மூழ்கிய மேரி ரோஸ் என்ற கப்பலை 1982இல் வெளியே எடுத்தார்கள். அதோடு கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட வில்களில் இதை இன்றும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் மரம் ஒரே பாடத்தைச் சொல்லித் தந்திருக்கிறது!

வில் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? இஷியிடம் அளவுகோல் இல்லை. ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, அந்தக் கையிலிருந்து எதிர்ப்பக்கத்து இடுப்பு வரை அளந்து கொள்வார். அவருக்கு அது 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி. அவரவர் உடம்புக்கு அவரவர் வில்! பிறகு சுரண்டியும், மணற்கல்லில் தேய்த்தும் உருவம் கொடுப்பார். நுனிகளைச் சூடான கல்லின் மேல் வைத்துப் பின்பக்கமாக மெல்ல வளைப்பார்.

காத்திருக்கும் மரம்

இனிமேல்தான் முக்கியமான வேலை. வளைத்த வில்லை வேறொரு கட்டையோடு சேர்த்துக் கட்டி, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் வைத்துவிடுவார். எத்தனை நாள்? சில மாதங்கள்; சமயத்தில் சில ஆண்டுகள்!

வெயிலில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடாதா என்று கேட்கிறீர்களா? காயும், ஆனால் வெடித்துவிடும். பச்சை மரத்துக்குள் ஏராளமாகத் தண்ணீர் இருக்கிறது. சில மரங்களில் மரத்தின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் இருக்கும். காயும்போது மரம் சுருங்கும். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கிவிடும். உள்பக்கம் இன்னும் ஈரமாக, சுருங்காமல் இருக்கும். வெளியே இறுக்கம், உள்ளே தடை. பட்டென்று பிளவு விழும். நிழலில் வைத்தால் உள்ளும் வெளியும் ஒன்றாக, மெதுவாக ஆறும்.

காயவே வைக்காமல் வில் செய்தால் என்ன ஆகும்? வளைத்த வில் வளைந்தபடியே நின்றுவிடும். நிமிர்ந்து அம்பைத் தள்ளும் வலு அதற்கு இருக்காது.

கலிபோர்னியாவுக்குப் பக்கத்து மாநிலமான நெவாடாவின் பழங்குடியினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உயிரோடு நிற்கும் ஜூனிப்பர் மரத்தில், வில்லுக்கு வேண்டிய நீளத்துக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் உள்ள பட்டை மரத்தோடு ஒட்டிக்கொண்டே காயும். நன்றாகக் காய்ந்த பிறகு வந்து அதை மட்டும் பிளந்து எடுத்துக்கொள்வார்கள். மரம் சாகாது, தொடர்ந்து வளரும். அந்தத் தழும்புள்ள மரங்கள் நெவாடாவில் இன்றும் நிற்கின்றன. ஒரு மரம் எத்தனை தலைமுறைக்கு வில் கொடுத்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

இஷியின் மரம் ஆறிய பிறகு அடுத்த வேலை. சால்மன் மீனின் தோலைக் கொதிக்க வைத்துப் பசை காய்ச்சுவார். நம் ஊர்த் தச்சர்கள் முன்பு பயன்படுத்திய வஜ்ஜிரம் போன்ற பசை அது. மான் காலின் தசைநாரை வாயில் போட்டு மென்று, மெல்லிய இழைகளாகப் பிரிப்பார். அவற்றை வில்லின் வெளிப்பக்கத்தில் அடுக்கடுக்காக ஒட்டுவார். காயும் வரை வில்லோ என்ற மரத்தின் பட்டையால் கட்டுப் போட்டிருப்பார், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது போல! சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்து, மணற்கல்லால் வழவழப்பாக்கி, கைப்பிடிக்கு மான்தோல் வாரைச் சுற்றுவார். நாணும் மான் தசைநாரைத் திரித்ததுதான்.

அம்புக்கும் இதே பொறுமை வேண்டும். ஹேசல் என்ற புதரின் நேரான குச்சிகளை வெட்டிப் பட்டையை உரித்து, கட்டுக் கட்டாகக் கட்டிக் காய வைப்பார். கோணல் இருந்தால் தணலில் காட்டி நிமிர்த்துவார்.

வேலை இல்லாத நேரத்தில் வில்லை நிறுத்தி வைக்கமாட்டார், படுக்க வைப்பார். நிற்கும் வில் ஓய்வில்லாமல் உழைத்துக் களைத்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. சில சமயம் வில்லின் ஒரு முனையை வாயோரம் வைத்து, அம்பால் நாணைத் தட்டி இசை எழுப்புவார். நம் வில்லுப்பாட்டு நினைவுக்கு வருகிறது அல்லவா!

மீண்டும் மான் ஓடைக்கு

1914ஆம் ஆண்டு மே மாதம் குரோபர், வாட்டர்மன், போப் மூவரும் இஷியை அவரது பழைய இடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். போப்பின் பதினொரு வயது மகனும் கூடப் போனான். துயரம் நிறைந்த அந்த இடத்துக்குத் திரும்பிப் போக இஷிக்கு முதலில் மனமில்லை. போன பிறகு நீந்தினார், மீனை ஈட்டியால் குத்திப் பிடித்தார், வில் செய்து காட்டினார். அவர் செய்த ஒவ்வொன்றையும் படம் எடுத்தார்கள். அவர் சொன்ன கதைகளும் பாடிய பாட்டுகளும் 140க்கும் மேற்பட்ட மெழுகு உருளைகளில் ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தன. அந்தக் குரலை இன்றும் கேட்க முடிகிறது.

காட்டில் நோயின்றி வாழ்ந்த இஷியை நகரத்தின் காசநோய் பிடித்துக்கொண்டது. 1916ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி அவர் காலமானார். போப்தான் அருகில் இருந்து சிகிச்சை செய்தார். அவருடைய வில் ஒன்றையும், ஐந்து அம்புகளையும், ஒரு கூடை ஓக் கொட்டை மாவையும் உடலோடு வைத்துத் தகனம் செய்தார்கள்.

ஆனால் ஒரு வருத்தமான செயலும் நடந்தது. இறந்தவர் உடலைச் சிதைக்கக்கூடாது என்பது யாஹி மக்களின் நம்பிக்கை. வெளியூரில் இருந்த குரோபர் உடலை ஆய்வுக்கு அறுக்க வேண்டாம் என்று கடிதம் எழுதினார். கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தது. இஷியின் மூளை எடுக்கப்பட்டு, பின்பு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அதை அங்கே அனுப்பியவரும் குரோபரேதான்! கலிபோர்னியப் பழங்குடியினர் விடாமல் போராடி, 2000ஆம் ஆண்டில் அதைத் திரும்பப் பெற்றார்கள். சாம்பலோடு சேர்த்து, அவர் பிறந்த மண்ணின் அருகே யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் அடக்கம் செய்தார்கள். வாழ்நாளெல்லாம் ஒளிந்து வாழ்ந்தவருக்கு, கடைசியாக யாரும் தொந்தரவு செய்யாத இடம் கிடைத்தது. டீர் கிரீக், மில் கிரீக் பகுதியில் உள்ள காடு 1984இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டு, இஷியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

போப் தான் கற்றதையெல்லாம் கட்டுரையாகவும், 1923இல் நூலாகவும் வெளியிட்டார். அதைப் படித்துத்தான் அமெரிக்காவில் ஏராளமானோர் மறுபடியும் கையால் வில் செய்யத் தொடங்கினார்கள். இன்றும் உலகின் பல மூலைகளில் யாரோ ஒருவர் மரத்தைப் பிளந்து, நிழலில் ஆற வைத்துக் காத்திருக்கிறார். அவருக்குக் குரு, சொந்தப் பெயர்கூடத் தெரியாத அந்த யாஹி மனிதர்தான்.

அன்று நில அளவைக்கு வந்தவர்கள் வில்லை எடுத்துப் போனார்கள்; வில் செய்யும் அறிவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. போப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார், அறிவு கிடைத்தது. உங்கள் ஊரிலும் ஏர் செய்யும் தச்சர் இருப்பார். கூடை முடையும் பாட்டி இருப்பார். உலக்கைக்கு எந்த மரம், எந்த மாதம் வெட்டுவது, எத்தனை நாள் ஆறப் போடுவது என்று அவர்களுக்குத் தெரியும். இந்த விடுமுறையில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய், அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கேட்டதை எழுதும்போது, சொன்னவரின் பெயரையும் மறக்காமல் முதல் வரியில் எழுதுங்கள்.